சட்டையோடு ஒரு குளியல்

"இன்னும் எதுக்குங்க சட்டை? கழட்டிட்டுப் போங்க" என்றாள் கிரேஸி.

"போறேன், போறேன்" என்றான் நெல்வின். பாறையில் உட்கார்ந்து அருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கை பொத்தான் பக்கம் போகவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு அமிர்திக்கு வந்திருந்தார்கள். மழை விட்ட கையோடு வந்ததால் அருவியில் தண்ணீர் ஜாஸ்தி. ஆண்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நனைந்தார்கள்.

கிரேஸிக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஒரு நாளை நினைத்துத்தான் நெல்வின் அத்தனை பாடும் பட்டான்.

பள்ளிக்கூட வயதில் அவனுக்கு மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போலப் புடைக்க ஆரம்பித்தது. வயசுல வர்றதுதான், தானா போயிடும் என்றார்கள். போகவில்லை. ஓடிப் பார்த்தான், பட்டினி கிடந்து பார்த்தான். வயிறுதான் ஒட்டியது. கட்டிங் செக்ஷனில் எவனாவது விளையாட்டாக மார்பைக் கிள்ளிவிட்டுப் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் கிரேஸி எதிரில்கூட அவன் சட்டை மாற்றியதில்லை. தன்னைத்தான் பிடிக்கவில்லையோ என்று அவள் அழுதிருக்கிறாள்.

விஷயம் தெரிந்ததும் அவனை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவள்தான். டாக்டர் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை செய்தார். பிறகு, காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"இது வெறும் கொழுப்பு இல்ல, உள்ள சுரப்பி வளர்ந்திருக்கு. எக்சர்சைஸ் பண்ணாக் கரையாது. நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. மார்க்காம்போட ஓரத்துல அரைவட்டமாக் கீறி எடுத்துடலாம். ஆனா மறுநாளே தட்டையாயிடும்னு நெனைக்காதீங்க. வீக்கம் வத்த மாசக்கணக்கு ஆகும்."

அப்படியேதான் ஆனது. மயக்கம் தெளிந்தபோது இரண்டு பக்கமும் ரத்தநீர் வடிய ட்யூப் இருந்தது. மார்பு கன்றி நீலமாகி, பிறகு மஞ்சளாயிற்று. குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும் இறுக்கமான பனியன் போட்டிருக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றதால் கிரேஸிதான் தலை வாரிவிட்டாள்.

"தொட்டா மரத்த மாதிரி இருக்கு. முன்னைவிடப் பெருசாத் தெரியுது. தப்புப் பண்ணிட்டமா, கிரேஸி?" என்று கண்ணாடி முன்னால் நின்று கலங்கினான்.

"வீக்கம்தான்னு டாக்டர் சொன்னாரில்ல? பொறுங்க."

"ஆறட்டும். முதல் வேலையா அமிர்திக்குப் போய், எல்லார் எதிர்லயும் வெறும் உடம்போட அருவியில நிக்கணும்."

ஆறியும் விட்டது. இதோ அருவி. அவன் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்.

"வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"யாராச்சும் எதுனா சொல்வாங்கன்னு பேஜாரா இருக்கா? தினம் நான்தானே பாக்கறேன், தழும்புகூடத் தெரியல."

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் இன்னாங்க?"

நெல்வின் எழுந்தான். இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, அருவிப் பக்கம் போகாமல் மரத்தடிக்குப் போனான். அங்கே பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமது நின்று சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையே நடுங்கும் ஆள்.

"பாய், வாங்க, குளிக்கலாம்."

"தம் போட்டிருக்குப்பா. விட்டா அடி பிடிச்சிடும். நீ போ."

"அதான் சமையல்காரர் இருக்காரே. வாங்க பாய்."

நெல்வின் இன்னும் நெருங்கிப் போய் ஏதோ சொன்னான். கிரேஸிக்குக் கேட்கவில்லை. பாய் அவன் சட்டையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்தார்.

இருவரும் கூட்டத்தைத் தாண்டி, ஓரமாகத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் சட்டையோடு கழுத்துவரை இறங்கினார்கள்.

"இன்னா நெல்வின், சட்டையோடவா?" என்று அருவியிலிருந்து கூட வேலை செய்யும் நயீம் கத்தினான்.

"குளிருதுப்பா."

பாய் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கரையேறும்போது நெல்வின் முந்திக்கொண்டு ஏறி, துண்டை விரித்து அவர் தோளில் போர்த்தினான்.

கிரேஸி பாறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் சதையைத்தான் எடுத்தார், பயத்தை எடுக்கவில்லை. போதாததற்கு, மேலதிகாரிக்குத் துண்டு பிடிக்கிற வேலை வேறு.

திரும்பும் பஸ்ஸில் கேசட் பாட்டு அலறியது. அதன் மறைவில் கேட்டாள்.

"காக்கா புடிக்க இன்னைக்குத்தான் நாள் கெடைச்சுதா? அருவிக்குக் கிட்டக்கூடப் போகல நீங்க. அவ்ளோ வலியையும் எதுக்குங்க பட்டீங்க?"

நெல்வின் முன் ஸீட்டைப் பார்த்தான். ஈரத்தலையோடு பாய் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் அவள் காதருகில் குனிந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு இருந்ததுதான் பாய்க்கும். பட்டவனுக்குப் பாத்தாலே தெரியும். இந்த வயசுக்கு இன்னைக்குத்தான் நாலு பேர் இருக்கற எடத்துல தண்ணியில எறங்கியிருக்காரு. நான் சட்டையைக் கழட்டியிருந்தா வந்திருக்கவே மாட்டாரு, கிரேஸி."