ஒரே சட்டி

அவன் எடுத்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மகள் மிருதுளா மறுபடியும் அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் எதுக்குப்பா? எல்லாக் காய்க்கும் இந்த ஒரு சட்டி போதும்."

அவனுக்குப் பகீரென்றது.

பொங்கலன்று அந்த வீட்டில் சேனை தனியாக வேகும். சிறுகிழங்கு தனியாக. அவரைக்காய் தனியாக. பூசணியும் வாழைக்காயும் தனித்தனியாக. ஒவ்வொன்றும் வேகிற நேரம் வேறு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

அது பாதி உண்மை.

பிரிந்தபோது அவள் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். பொங்கலன்று மிருதுளா அப்பாவிடம் போகட்டும். சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பட்டும்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் வருடம் நான்கு பாத்திரம். மறு வருடம் ஏழு. போன பொங்கலுக்குப் பதினொன்று. அவன் தேய்ப்பான், அவள் அலசித் துடைப்பாள். பள்ளிக்கூடக் கதை, தோழிகளோடு போட்ட சண்டை, கணக்கு டீச்சரின் நடை, எல்லாம் அந்தத் தொட்டி முன்னால்தான் வெளியே வரும். முடிவதற்குள் சாயங்காலம் ஐந்தாகிவிடும்.

இந்த வருடம் ஒரு சட்டியோடு வந்து இறங்கியிருக்கிறாள். அடி கனமான எவர்சில்வர் சட்டி. ஒட்டியிருந்த சீட்டைக்கூட இன்னும் முழுதாக உரிக்கவில்லை.

"பிரபாகர் அங்கிள் வாங்கித் தந்தாங்க. ஒனக்குத்தான்ப்பா."

பிரபாகர் இப்போது அவள் அம்மாவின் கணவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் அவர் சமையலாம். நன்றாகச் செய்வாராம். அவன் கேட்காமலே காதில் வந்து விழுந்த செய்திகள்.

மிருதுளா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். போன வருடம் இந்தப் பழக்கம் கிடையாது.

அடியில் சேனை. அதன்மேல் சிறுகிழங்கு. பிறகு வாழைக்காய், அவரைக்காய். எல்லாவற்றுக்கும் மேலே பூசணி. மஞ்சள், உப்பு, கீறிய பச்சை மிளகாய், ஒரு கை தண்ணீர். தோல்களைப் பழைய செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

தேங்காயை அவள் அரைக்கவில்லை. துருவித் தூவினாள். கழுவ மிக்ஸி ஜாரும் இல்லாமல் போயிற்று.

பொங்கல் பானையை வந்ததும் வராததுமாகத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். சாப்பிடுவது வாழையிலையில். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள்.

சட்டியை மூடி, தீயைக் குறைத்தாள். "இருபது நிமிஷம். பின்னாடி போயி இலை நறுக்கிட்டு வாரேன்."

வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"தனியா இருக்கறவங்களுக்கு இதுதான் வசதின்னு அங்கிள் சொன்னாங்க. அப்பா பாவம், ஒத்த ஆளு எவ்வளவு கழுவுவாங்கன்னு."

பாவமாம்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த மனிதர் அவனுக்காகக் கடை ஏறி இறங்கிச் சட்டி வாங்கியிருக்கிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேட அவன் மெனக்கெடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அவர். பரீட்சைக்கு வண்டியில் கொண்டு விடுபவர் அவர். இவனுக்கு இருப்பது வருடத்துக்கு ஒரு தொட்டி நிறையப் பாத்திரம். அதையும் வந்து எடுத்துக்கொண்டுவிட்டார்.

சட்டி மெதுவாக முணுமுணுத்தது. தேங்காயும் மிளகாயும் சேர்ந்து மணத்தன. நல்ல மணம்.

அவன் குமிழைத் திருகினான். தீ முழுதாக எழுந்தது.

கருகிய வாடை கொல்லைவரை போயிருக்க வேண்டும். கையில் இலையோடு ஓடி வந்தாள். மூடியைத் திறந்தாள். சட்டியைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள்.

அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

மேலாக எடுத்துப் பரிமாறினாள். லேசான தீய்ந்த வாடை. அப்படியும் ருசித்தது. அதுவும் அவனுக்கு ஆகவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு இருவரும் தொட்டி முன்னால் நின்றார்கள். சட்டியின் அடியில் கருப்பு ஒரு விரல்கடை அகலத்துக்குக்கூட அசையவில்லை. அவன் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே இருந்தான். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒன்றரைக்குப் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடா, முடிஞ்சுதா? வண்டியை எடுக்கட்டா?" பிரபாகர்.

"இல்ல அங்கிள். சட்டி அடிபிடிச்சிருச்சு. நான்தான் தீயைக் கொறைக்க மறந்துட்டேன்."

அவன் கை நின்றது.

"அட, அதுக்கென்ன. ஆப்பச் சோடா ரெண்டு ஸ்பூன் போட்டுக் கொதிக்க வை. பத்து நிமிஷத்துல விட்டுரும். நான் கிளம்புறேன்."

அதற்கும் அவரிடம் வழி இருந்தது.

தொட்டிக்கு நேர் மேலே, அவள் கண்ணுக்கு எதிரே, கண்ணாடிப் பாட்டிலில் ஆப்பச் சோடா இருந்தது. முக்கால் பாட்டில். பேனாவால் எழுதிப் பெயர்கூட ஒட்டியிருந்தான்.

மிருதுளா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா வீட்டுல சோடா இல்லையே அங்கிள். ஊற வச்சுத்தான் தேய்க்கணும். நீங்க சாயங்காலமா வாங்க."