துணைக்கு ஓர் ஆள்

“பொம்பளப் புள்ளையத் தனியா ஜெர்மனிக்கு அனுப்பிட்டு, நான் இந்த லயத்தில எப்படித் தலை நிமிந்து நடக்கிறது?”

முழுக்க ஜெர்மன் பாஷையில் இருந்த கடிதத்தைப் பார்க்காமலே கசக்கிச் சுவரில் எறிந்தார் சிவசாமி.

வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லய அறையின் மூலையில் மகள் பிரேமினி முழங்காலில் முகம் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். மனைவி ஜீவராணி கடிதத்தைப் பொறுக்கி மடியில் வைத்து நீவினாள். காலையில் பொகவந்தலாவை டவுனுக்குப் போய், மின்னஞ்சலில் வந்த அதை அச்செடுத்து வந்தவளும் அவள்தான். “கடுதாசி வந்திருச்சுங்க” என்று மட்டும்தான் சொன்னாள். அதற்கே இவ்வளவு ஆட்டம்.

சிவசாமி தேயிலைத் தோட்டக் கமிட்டித் தலைவர். போன மாதம் மகளிர் தின மேடையில் “பெண்ணினமே, எழு” என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்ணினம் ஏற்கெனவே எழுந்துதான் நின்றது. நாற்காலிகள் தலைவர்மாருக்கே பற்றவில்லை.

“மூணு வருசப் பயிற்சிங்க. வயசானவங்களப் பராமரிக்கிற வேலை. படிக்கிறப்பவே சம்பளம்.” ஜீவராணி வரிகளின் மேல் விரலை ஓட்டினாள். “இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பாட்டி இடம் வேற ஆளுக்குப் போயிரும்னு போட்டிருக்காங்க.”

“போகட்டும். பள்ளிக்கூடத்துல ஏ.எல். வரைக்கும் படிச்ச திமிரு ஒனக்கு, அதப் புள்ளைக்கும் ஏத்தி விட்டுட்ட. ஹட்டன்ல ஜெர்மன் கிளாசுக்கே அவளத் தனியா விட்டேனா? ஒன்றரை வருசம் ஒன்னையத் தொணைக்கு ஒக்கார வச்சேன்ல? கொழும்புல பரீட்சைன்னப்பவும் ஒன்னையத்தான கூட அனுப்பினேன்?”

“ஆமாங்க. நீங்க சொல்லித்தான் போனேன்.”

பக்கத்து வீட்டு இராமையா வாசலில் தலையை நீட்டினார். “தலைவரே, சத்தம் வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக் களம் வரைக்கும் கேக்குது. போய்ப் பொழைக்கட்டும், விடுங்களேன். இங்கன இருந்து அட்டைக்கு ரத்தம் குடுக்கவா?”

அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள். ஆள் சேர்ந்துவிட்டால் சிவசாமியின் குரல் தானாக மேடையேறிவிடும். இப்போதும் ஏறியது.

“பொண்ணுங்க முன்னேற்றத்துக்கு நான் எதிரியில்ல. ஆனா என் வீட்டுப் பொம்பள தொணையில்லாம கடல் தாண்டக் கூடாது. கூட ஒரு ஆள் போறதுன்னா, இந்த நிமிசமே எனக்குச் சம்மதம். இது தலைவன் வாக்கு. மாற மாட்டேன்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” ஜீவராணி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். இருபது வருடத்தில் அவள் அவரை இப்படி நேருக்கு நேர் முறைத்ததில்லை.

“பாப்பா பரீட்சையில பெயிலுங்க. கூட ஒக்காந்து எழுதின நான் பாஸு. அவங்க எடுத்திருக்கிறது என்னைய. தொணைக்கு நீங்க வாறீங்களா?”