கொடி கட்டிய ஜீப்

இருளன் ஜீப்பின் ஹாரனை விடாமல் அமுக்கினான். தாண்டிக்குடி எஸ்டேட்டுக்கு ஏறும் ஒற்றைத்தட மலைப்பாதையின் கேட் பூட்டிக் கிடந்தது.

"திறங்க! மேல முனியாயி பிரசவ வலியில துடிக்கிறா. நர்ஸம்மாவக் கூட்டியாந்திருக்கேன்."

"மேலருந்து வண்டிங்க எறங்கிட்டிருக்கு. செவப்புக் கொடி கட்டின கடைசி வண்டி வரணும். அதுவரைக்கும் யாரையும் விடமாட்டேன்" என்றார் காவலாளி ஒச்சன்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

ஒச்சன் இடுப்புச் சாவியைப் பார்த்துவிட்டு, மறுபடி மலைப்பாதையைப் பார்த்தார். 'கல் நெஞ்சு!' என்று பல்லைக் கடித்தான் இருளன்.

அரை மணி கழித்துக் கொடி கட்டிய ஜீப் ஊர்ந்து வந்தது.

"ஏலே, வெரசா வா! மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று கத்தினான் இருளன்.

ஜீப் நின்றது. பின்சீட்டில் முனியாயி, மடியில் துணி சுற்றிய குழந்தை.

"வலி தாங்காம கெளம்பினோம், வழியிலேயே பொறந்துட்டா. பிள்ளை குலுங்குதுன்னு நான்தான் மெதுவா ஓட்டச் சொன்னேன்" என்றாள்.

நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தன் மகளை வாங்க இருளன் கை நீட்டுவதற்குள் ஒச்சன் குழந்தையை வாங்கியிருந்தார்.

"ரெண்டு தடவ சாவிய எடுத்துட்டேன், மாப்ளே. நான் பெத்த மகளாச்சே! தொறந்து உங்கள விட்டிருந்தா, ஏதாச்சும் ஒரு வளைவுல இந்த ஜீப்பு மேலயே மோதியிருப்பீங்க..."

பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.