எபிநேசரின் சாட்சி

எபிநேசர் சாட்சி சொல்ல எழுந்து நின்றதும் ரோசம்மாள் பார்வையைப் பாய்க்குத் தாழ்த்திக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஜெபவீடு. காலை ஜெபத்துக்கு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரோசம்மாளை ஒட்டி அவள் மாமியார் குப்பம்மாள், நெற்றி நிறையத் திருநீறோடு.

மகன் துளசிராமன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நாளிலிருந்து பொதட்டூர்பேட்டையை விட்டு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள் குப்பம்மாள். இரும்பாலையில் உலை வெடித்து அவன் செத்துப்போன பிறகு, மருமகளுக்குத் துணையாக வந்து தங்கியிருக்கிறாள். நேற்றுவரை ஜெபவீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"உங்க சாமி என் புள்ளையப் பத்தி இன்னாதான் சொல்றாரு, நானும் வந்து கேக்கறேன்" என்று இன்றைக்குத் தானாகவே கிளம்பிவிட்டாள்.

வந்தவள் நல்ல நாளாகப் பார்த்து வந்தாள், போங்கள்!

எபிநேசர் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். ஆலையில் அவனுக்கும் துளசிராமனுக்கும் ஒரே கிரேன். மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். உலை வெடித்த ஞாயிற்றுக்கிழமை எபிநேசருடைய முறை. போனது துளசிராமன்.

"அன்னிக்கி டபுள் சம்பளம் தரேன்னாங்க. நான் வேணான்னுட்டு ஆராதனைக்கு வந்தேன். கர்த்தருக்குக் கீழ்ப்படிஞ்சதால உசுரோட நிக்கிறேன். போயிருந்தா இன்னிக்கி நான் கரிக்கட்ட."

"அல்லேலூயா!" என்று கூரை அதிர்ந்தது. எபிநேசர் பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. உட்கார்ந்து கீபோர்டின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

பாஸ்டர் தாளை எடுத்தார். தினம் ஒரு தியானம் அவரே எழுதி, அவரே வாசிப்பார். நல்ல குரல். அந்தக் குரலுக்கு உருகித்தான் ரோசம்மாள் புருஷனையும் இழுத்துக்கொண்டு இந்தச் சபைக்கு வந்தாள்.

"பிரியமானவர்களே, ஒரே ஆலை, ஒரே கிரேன். ஒருவர் தேவ சத்தத்துக்குக் கீழ்ப்படிந்து இங்கே வந்தார். இன்னொருவர் இரட்டைச் சம்பளம் என்றதும் அங்கே ஓடினார். உலக ஆசை! அதன் முடிவை நம் கண்ணாலேயே பார்த்தோம்."

பெயரைச் சொல்லவில்லை. எவ்வளவு பெருந்தன்மை!

ஆசையாம். அந்த மனுஷனுக்கு! அன்றைக்கு வெளியூரிலிருந்து பெரிய ஊழியக்காரர் வருகிறார் என்று, முதல் நாளே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்திருந்தான் துளசிராமன். அதைப் போட்டு அடக்கம் பண்ணக்கூட உடம்பு உருப்படியாகக் கிடைக்கவில்லை.

அவன் ஏன் போனான் என்று ரோசம்மாளுக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும். அவர் கையில் தாளை வைத்துக்கொண்டு நாக்கூசாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் புருஷன் பேர் பிழைக்கும். சபை கொடுக்கிற அரிசி நின்றுபோகும். போகட்டும், அது பெரிதில்லை. குப்பம்மாளின் காதுபடச் சொல்ல வேண்டுமே, அதுதான் அவளுக்கு நடுக்கமாக இருந்தது.

குப்பம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஏம்மே, யார சொல்றாரு? நம்ம புள்ளையவா?"

"இல்ல அத்தே."

கிழவி விடவில்லை. "என் புள்ள துட்டுக்கு அலையறவனாம்மே?"

ரோசம்மாள் எழுந்து நின்றாள். சாட்சி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து நாலு பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"ஐயா, சனிக்கெழம சாயங்காலம் நீங்க போன் பண்ணீங்க. எடுத்தது நான். பெரிய கூட்டம், கீபோர்டுக்கு எபிநேசர் வேணும், அவருக்குப் பதிலா துளசிராமன வேலைக்கி அனுப்பும்மான்னீங்க. கீழ்ப்படியறதுதான் பெரிய ஆராதனைன்னீங்க."

பாஸ்டர் தாளை மடித்தார். "சிஸ்டர், துக்கத்துல பேசறீங்க. உக்காருங்க."

"உக்கார மாட்டேன். அவரு போமாட்டேன்னுதான் சொன்னாரு. இந்த ஒரு ஞாயித்துக்கெழம உட்டுடு ரோசா, நானும் கூட்டத்துக்கு வரேன்னு கெஞ்சுனாரு. ஐயா சொன்னா கர்த்தர் சொன்ன மாதிரி, உனக்கு விசுவாசமே இல்லியான்னு வாய்க்கு வந்தபடி திட்டி, நான்தான் தொரத்தி உட்டேன்."

மூச்சு வாங்கியது. அழுகை வரவில்லை, வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அவருக்கு ஆசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கீழ்ப்படிஞ்சது நான்."

எபிநேசர் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர், அவசர அவசரமாக.

சொன்னதுதான் தாமதம், எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

குப்பம்மாளுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. அவள் மட்டும் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.