அசலார் விலை

"நாப்பத்திரண்டு வெள்ளி. ஒரு காசு குறையாது" என்றான் கருணாகரன், மோரிஸ் மைனரின் முன்மூடியை இறக்கிக்கொண்டே.

"முப்பத்தேழு" என்றார் கலியாணசுந்தரம்.

காஜா பெராங்கில் இருந்த கருணாகரனின் கார் பட்டறைக்கு அவர் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் பெரிய துணிக்கடைக்காரர். பேரம் பேச வந்தவர்களை விரட்டியே தலை நரைத்த மனிதர், இன்று தானே பேரத்தில் இறங்கியிருந்தார்.

"டைமிங் செயின் தேஞ்சு தொங்கிப்போச்சு முதலாளி. அதான் முன்னால கடகடன்னு சத்தம். செயின் மட்டும் பதினாறு வெள்ளி. சீல், கேஸ்கெட்டு நாலு. மிச்சம் என் கூலி. ரேடியேட்டரைக் கழட்டணும், புல்லியைக் கழட்டணும். ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் இஞ்சின் ஓடாது. முழு நாள் வேலை."

"வேலையை நான் குறை சொல்லலை. விலையில அஞ்சு வெள்ளி குறைங்க, போதும்."

"உங்க கடையில 'ஒரே விலை'ன்னு போர்டு தொங்குது. இங்க வந்து பேரம் பேசறீங்களே!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்சி ஓட்டுநர் பொன்னையாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்த வாய் சும்மாவும் இருக்கவில்லை. "ஏண்டா, போன மாசம் இதே வேலைக்கு எங்கிட்ட முப்பத்தேழுதானே வாங்கினே?"

கலியாணசுந்தரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு மட்டும் ஏன் குறைச்சீங்க?"

"அவன் என் பெரியப்பா மகன். சொந்தக்காரங்களுக்கு அஞ்சு வெள்ளி குறைப்போம். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தப் பட்டறையில அதான் வழக்கம். அசலார் முழு விலை குடுக்கணும்."

"எனக்கும் குறைங்க."

"முடியாது. தெங்கேராவுல முப்பத்தஞ்சுக்கே செய்யறாங்களாம். அங்க போங்க."

"அங்க போறதா இருந்தா இங்க ஏன் வர்றேன்? செயினை இங்கதான் மாத்தணும். முப்பத்தேழுக்குத்தான் மாத்தணும். நீங்க வேலையை ஆரம்பிங்க. குறைக்கிறவரைக்கும் நான் நகர மாட்டேன்."

சொன்னபடியே ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சலவை வேட்டியில் கிரீஸ் அப்பியது. துணி வியாபாரி அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

கருணாகரன் அவரை ஏறிட்டும் பார்க்காமல் ஸ்பானரை எடுத்தான். ரேடியேட்டர் இறங்கியது. புல்லி மட்டும் வெகுநேரம் முரண்டு பிடித்தது. அன்று அந்தப் பட்டறையில் முரண்டு பிடிக்காத பொருளே இல்லை.

மதியம் பட்டறையை ஒட்டியிருந்த கருணாகரனின் பின்கட்டு வீட்டுக்குள்ளிருந்து கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. பொன்னையா போய் மூன்று கிளாஸ் கோப்பி வாங்கி வந்தான்.

"இது பெரியவருக்காம். சீனி போடலையாம்" என்று ஒன்றை நீட்டினான்.

கலியாணசுந்தரம் ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பதினஞ்சு நாள்ல மெர்டேக்கா, நாட்டுக்கே சுதந்திரம்" என்று பொன்னையா மறுபடியும் ஆரம்பித்தான். "வெள்ளைக்காரனே இறங்கி வந்துட்டான். நீ அஞ்சு வெள்ளி இறங்கினா என்னடா?"

"வெள்ளைக்காரன் இறங்கட்டும். நான் இறங்க மாட்டேன்."

"முதலாளி, நீங்க மெர்டேக்கா பார்க்கக் கோலாலம்பூர் போறீங்களா?" என்று பொன்னையா பெரியவர் பக்கம் திரும்பினான்.

"போகணும். அதுக்குத்தான் செயினே மாத்தறேன். பின்சீட்டு காலியா இருக்கு" என்றார் பெரியவர், பொன்னையாவின் பக்கம் திரும்பாமலே.

பொன்னையா பொறுமை இழந்தான். "ஐயோ, அந்த அஞ்சு வெள்ளியை நானே குடுத்துத் தொலைக்கிறேன்!"

"வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்தது. கருணாகரன் சாவியைத் திருப்பினான். கடகடப்பு போய், தையல் மெஷின் போலச் சீராக ஓடியது இஞ்சின். கையைத் துடைத்துக்கொண்டு பில் எழுதினான். நாற்பத்திரண்டு.

கலியாணசுந்தரம் சட்டைப்பையிலிருந்து நூறு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார்.

"முழுசா வச்சுக்குங்க. மிச்சம் வேண்டாம். பில்லுல மட்டும் முப்பத்தேழுன்னு எழுதுங்க."

பொன்னையா தலையில் அடித்துக்கொண்டான். "அஞ்சு வெள்ளி குறைக்கச் சொல்லி நூறு வெள்ளி குடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

"காசை எடுத்து உள்ள வைங்க முதலாளி" என்றான் கருணாகரன். "நூறு வெள்ளிக்கு எங்க வழக்கத்தை விக்க மாட்டேன்."

பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. காலையிலிருந்து விறைப்பாக இருந்த குரல் உடைந்தது.

"நீங்க எவ்வளவு கேட்டாலும் தர்றேன். ஆனா அசலார் விலையை மட்டும் என்னால குடுக்க முடியாது."

அன்றைக்கு முதல்முறையாகக் கருணாகரன் அவர் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்து நாற்பத்திரண்டை அடித்து, முப்பத்தேழு என்று எழுதினான். மீதி அறுபத்துமூன்று வெள்ளியை எண்ணி அவர் கையில் வைத்தான்.

பின்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"விஜயா, கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதது போதும். பிள்ளையைத் தூக்கிட்டு வா. நாலு வருஷம் கழிச்சு உங்கப்பா வந்திருக்காரு."