ஏழாம் எண்ணை அழுத்தினால்

“ஒரே ஒரு தடவ காதுல வெச்சிக் கேளுக்கா. உன் கால்ல வேணா விழறேன்” என்றாள் நிர்மலா.

அவள் நீட்டிய கையில் ஒரு இயர்போன். அதன் மறுமுனை பிரெஞ்சுக்காரம்மா ஒருத்தியின் கழுத்தில் தொங்கிய கருவியில் இருந்தது. அந்தம்மா பாவம், ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம். வாங்குகிற சனம் ஓய்ந்துவிட்டது. மீன் சந்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

பெரிய மார்க்கெட்டில் இப்போதெல்லாம் இது ஒரு கூத்து. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இப்படி ஒரு கருவியை மாட்டிக் காதை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். கடற்கரை, சர்ச், பெரிய வாய்க்கால் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். ஏழாம் எண்ணை அழுத்தினால் எங்கள் மார்க்கெட்டின் கதை ஓடும். கூரையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையாட்டுவார்கள். குறுகலான சந்து. எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிட்டு “பர்தோன்” என்பார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஒரு காரப்பொடி மீன்கூட வாங்க மாட்டார்கள்.

அந்தக் கதைக்குப் பின்னால் மார்க்கெட் இரைச்சலும் கேட்குமாம். அந்த இரைச்சலுக்குள் தன் புருஷன் பேசுகிறான் என்று நிர்மலா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் கையைக் காலைக் காட்டி இயர்போனை வாங்கிக் கேட்பாள். கேட்டுவிட்டு அழுவாள். எனக்கு மானம் போகும்.

புருஷோத்தமன் வைத்திக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போனவன். படகு கரை ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

நாளைக்கு அவனுக்குக் கருமாதி. நிர்மலாவின் கொழுந்தன் நாள் குறித்துவிட்டான். நாளையோடு இவள் கழுத்தில் தாலி இருக்காது. எத்தனை நாள்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நானும் செய்துவிடச் சொன்னவள்தான். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக்கா கழற்றுவது என்று காலையிலிருந்து ஒரே புலம்பல்.

கருவியை வாடகைக்கு விடும் ரெக்ஸைப் பிடித்து நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மார்க்கெட்டில் பதிவு செய்த சத்தம் என்றான். அவ்வளவுதானே விஷயம். அப்போது புருஷோத்தமன் உயிரோடு இருந்தான். விடிந்தால் நான் மீன் விற்கிற இந்த மேடைக்குச் சரக்கு கொண்டுவந்து போட்டவன். அவன் குரல் அதில் இருந்தால் என்ன அதிசயம்? இதையெல்லாம் சொன்னால் நிர்மலா காதில் வாங்கினால்தானே.

“உன்னத்தான்க்கா கேக்குறாரு. நான் பதில் சொன்னா அவருக்குக் கேக்கல. நீ சொல்லு.”

பெண்ணுக்குப் புத்தி பேதலித்தேவிட்டது என்று நினைத்தேன். ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. கேட்டுத் தொலைத்தால் நாளைக்காவது நிம்மதியாக இருப்பாள் என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக் காதில் செருகினேன். பிரெஞ்சுக்காரம்மா மறுபடியும் ஏழாம் எண்ணை அழுத்தினாள்.

ஒரு பெண் குரல் பிரெஞ்சில் குழைந்து குழைந்து பேசியது. மார்க்கெட்டைச் சொல்கிற மார்ஷே என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பின்னால் ஏலம் கூவுகிற சத்தம், தரையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் அவன்.

சளி கட்டின அந்தத் தொண்டையை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

“ரோசாக்கா, நிர்மலா எங்க குந்தினு இருக்கா?”

யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டான். அப்போதும் யாரும் சொல்லவில்லை. அடுத்த தடவை கேட்டபோது, திருவிழாவில் தாயைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி அவன் குரல் கம்மிவிட்டது.

நானும் பிள்ளை பெற்றவள். மனசு கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

“இங்கதான்ப்பா. என் பக்கத்துலயே.”

காதில் ஏலம் நின்றது. தண்ணீர் நின்றது. பிரெஞ்சுக் குரலும் பாதி வார்த்தையில் நின்றது.

“சரிக்கா. வந்துட்டேன்.”

இயர்போனைப் பிடுங்கி அந்தம்மா கையிலேயே திணித்தேன். அட, பழைய சத்தம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஒருநாள் இப்படிக் கேட்டிருப்பான். நானும் பக்கத்தில் கைகாட்டியிருப்பேன். பேச்சு அப்படியே பதிந்திருக்கும்.

அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நிர்மலா இங்கே ஏது? அவள் இந்த மார்க்கெட்டுக்குள் காலெடுத்து வைத்ததே அவன் கடலோடு போன பிறகுதான். பிழைப்புக்கு வழியில்லாமல் நின்றவளைக் கூட்டிவந்து, என் மேடையில் பாதியைக் கொடுத்து உட்கார வைத்தது நான்தான். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

பிரெஞ்சுக்காரம்மா திடீரென்று சந்தின் ஓரமாக ஒதுங்கினாள். யாருக்கோ வழி விடுகிற மாதிரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பர்தோன்” என்றாள்.

சந்தில் யாரும் வரவில்லை. நான் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். தாலியை எடுத்து ரவிக்கைக்கு வெளியே போட்டுக்கொண்டாள். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மீன் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, மேடையில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.