வெள்ளத்துக்கு முந்தைய விலை

விலையைக் கேட்டதும் அவன் வண்டியை விட்டு ஓரடி பின்னால் போனான்.

குறைவாக இருந்தது.

ஊரே வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்த நேரம். உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலைகளும் தண்ணீரில் போய்விட்டதால் ஷோரூமில் புது பைக் கிடையாது. இன்று பணம் கட்டினால் என்றைக்காவது வரும் என்றார்கள். பழைய பைக் விற்கிறவர்களுக்கு இது போதாதா? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இப்போது ஓட்டை வண்டிக்கும் பொருந்தியது. நேற்றுப் பார்த்த வண்டிக்குக் கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை. விலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இந்தக் கடைக்காரர் மட்டும் வெள்ளத்துக்கு முந்தைய விலையைச் சொல்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவனுக்குத் தெரியும். சிரிக்கிற ஓநாயை இப்போதுதான் பார்க்கிறான்.

பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குப் பெயரே சி.ஐ.டி. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. அவனுடைய பழைய பைக் நடுரோட்டில் இரண்டு தடவை நின்று, ஐஸ் பெட்டியில் இருந்த ரத்தமெல்லாம் கெட்டுப்போனது. "இன்னொரு தடவ வண்டி நின்னா, அதோட நீயும் நின்னுக்கோ" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கையில் இருந்த பணம் போதாது. தன் பழைய பைக்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கணக்குக் கட்டும். அது கடை வாசலில் பளபளவென்று நின்றது.

சி.ஐ.டி. வேலையைத் தொடங்கினான்.

டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான். பெட்ரோல் வாசனை அடித்தது. சந்தேகம் வலுத்தது.

சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த திருகாணிகளை டார்ச் அடித்துப் பார்த்தான். ஹாரனின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். முன்விளக்கைக் கழற்றி பல்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எவ்வளவு கழுவினாலும் சேறு ஒளிந்துகொள்கிற இடம் அது. ஆயில் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். தண்ணீர் புகுந்திருந்தால் பால் ஊற்றியதுபோல வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை.

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, அடுத்ததை இன்னும் உன்னிப்பாகத் தேடினான்.

மனைவி பக்கத்தில் நின்றாள். அவன் வெங்காயத்தைச் சந்தேகப்பட்டாலே "போதும், வாங்க" என்று இழுத்துக்கொண்டு போகிறவள், இன்று வாயைத் திறக்கவில்லை.

"தம்பி மெக்கானிக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல சார். ரத்தம் எடுக்கற வேலை."

"அதான் பார்த்தேன். அரை மணி நேரமா என் உயிரையும் சேர்த்து எடுக்கறீங்க."

அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் ஏத்திட்டாங்க. நீங்க மட்டும் ஏன் சார் ஏத்தல?"

"நம்ம கடை மேட்டுல இருக்கு தம்பி. இங்க தண்ணியே ஏறல. விலை எதுக்கு ஏறணும்?"

இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. எதை என்றுதான் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பணத்தைக் கொடுத்தான்.

கடைக்காரர் பழைய பைக்கின் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீங்க பார்க்கலியா சார்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கறீங்க. உங்க கையில இருந்த வண்டிக்கு என்ன குறை வந்துரும்? இதை நான் விக்கல தம்பி. எம் பொண்ணுக்குத்தான். ஆஸ்பத்திரியில நர்ஸு. ராத்திரி டியூட்டி முடிச்சு நடந்தே வர்றா."

அந்தப் பெண் உள்ளேயிருந்து ஹெல்மெட்டோடு வந்தாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க அவ்வளவு அவசரம். அப்பாவிடம் சாவியைப் பறித்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா" என்றாள்.

அண்ணா என்று வேறு சொல்லிவிட்டாள்.

அவன் வாங்கிய பைக்கில் ஏறி உட்கார்ந்தான். மனைவி பின்னால் ஏறினாள். எஞ்சின் பூனைபோல உறுமியது. வாசலில் அந்தப் பெண் பழைய பைக்கில் உட்கார்ந்து கிக்கரை உதைத்தாள். அதுவும் ஒரே உதையில் கிளம்பியது. சனியன், அவனுக்கு ஒரு நாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

கேட்டைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் முடிவில் லாரிகள் போகும் பெரிய சாலை.

அவன் தன் வண்டியின் எஞ்சினை அணைத்தான்.

"ஓட்டாதம்மா!" குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "எங்க தெரு வெள்ளத்துல முழுசா முங்கின வண்டி அது. சேறு எங்கெங்க இருக்கும்னு தேடித் தேடி நாங்கதான் சுரண்டி எடுத்தோம். ஓடிட்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி சக்கரம் நின்னுடும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பழைய பைக்கின் சத்தம் பட்டென்று நின்றது.

வழக்கம்போலத் தானாக நின்றுவிட்டது என்று நினைத்தான்.

கடைக்காரரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று பின்னால் திரும்பினான்.

சீட்டில் யாரும் இல்லை. அவள் அவனுக்கு முன்பே இறங்கி ஓடிப்போய், அந்தப் பெண்ணின் வண்டியிலிருந்து சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.